பத்தாம் நாளுக்கான சைக்கிள்

சாலிடா ஒரு காலத்தில் ரயில்வே ஊர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில், ஆர்கன்சாஸ் ஆற்றங்கரையில், கடல் மட்டத்துக்கு 2,100 மீட்டருக்கும் மேலே இருக்கிறது. ரயிலின் காலம் முடிந்துவிட்டது. செங்கல் கட்டடங்கள் மட்டும் மிஞ்சி, அவற்றில் காப்பிக்கடைகளும் ஓவியக்கூடங்களும் படகுச் சவாரிக்காரர்களும் குடியேறியிருக்கிறார்கள். அப்படி ஒரு கட்டடத்தில் இருக்கும் சைக்கிள் கடைக்குத்தான் ஜூன் மாதத்தில் போயிருந்தேன். முன்பக்கம் பளபளப்பான வண்டிகள், பின்பக்கம் பட்டறை. பட்டறை மேசைக்கு அடியில் ஒரு பழைய பெயின்ட் டின்.

டின்னுக்குள் உடைந்த சாமான்கள். கழுத்தில் அறுந்த போக்ஸ் கம்பிகள், முறுக்கிக்கொண்ட கியர் ஹேங்கர்கள், உள்தகடு தெரியும்வரை தேய்ந்த பிரேக் கட்டைகள், பல் சரிந்த ஜிப்புகள், இரண்டாகப் போன சீட் கம்பி. எதையும் தூக்கிப் போடுவதில்லை. "ரேஸுக்கு வண்டியைத் தயார் பண்ணிக் கொடுங்க" என்று யாராவது வந்தால், தலைமை மெக்கானிக் முதலில் இந்த டின்னைத்தான் மேசையில் கவிழ்க்கிறார். விலைப்பட்டியலெல்லாம் அப்புறம். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சு குறைவு. "இதுல எது உங்க வண்டியில முதல்ல போகும்னு நினைக்கிறீங்க?" என்பது அவருடைய முதல் கேள்வி. பதில் சொல்லத் தெரியாதவர்களிடம் வேலையை வாங்கிக்கொள்கிறார். எதுவுமே போகாது என்பவர்களைத்தான் இன்னொரு நாள் வரச் சொல்கிறார்.

அந்த ரேஸின் பெயர் டூர் டிவைட். ஒவ்வோர் ஆண்டும் ஜூன் மாதத்தின் இரண்டாவது வெள்ளிக்கிழமை கனடாவின் பான்ஃப் ஊரில் புறப்பட்டு, மெக்ஸிகோ எல்லையில் ஆன்டிலோப் வெல்ஸ் என்னும் சோதனைச்சாவடியில் முடிகிறது. சுமார் 4,400 கிலோமீட்டர். ராக்கி மலைகளில் பெய்யும் மழையை அட்லாண்டிக்குக்கும் பசிபிக்குக்குமாகப் பிரித்து அனுப்பும் மேட்டை ஒட்டியே பாதை போகிறது. பலமுறை அதைக் குறுக்கே தாண்டுகிறது. பெரும்பகுதி மண், ஜல்லி, மாட்டுப் பண்ணைத் தடம். கட்டணம் கிடையாது, பரிசும் கிடையாது. கடையில் காசு கொடுத்து வாங்கலாம், விடுதியில் தூங்கலாம், மெக்கானிக்கிடம் வண்டியை விடலாம். யாருக்கும் கிடைக்கும் உதவி உங்களுக்கும் கிடைக்கலாம், அவ்வளவுதான். நண்பரை வழியில் நிற்கவைத்துச் சாமான் வாங்கிக்கொள்ளக் கூடாது.

பாதையை 1990-களில் வரைந்தது மொன்டானா மாநிலத்தின் மிசூலாவில் இயங்கும் அட்வெஞ்சர் சைக்கிளிங் அசோசியேஷன். அவர்கள் மனத்தில் இருந்தது நிதானமான சுற்றுலாப் பயணிகள். 1999-இல் ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்பவர் அப்போதிருந்த பாதையைத் தனியாளாக 18 நாட்களில் ஓட்டி முடித்த பிறகு நிதானம் போய்விட்டது. 2016-இல் இங்கிலாந்துக்காரரான மைக் ஹால் 14 நாளுக்குள் முடித்தார். பின்னால் வந்தவர்கள் அதையும் குறைத்துவிட்டார்கள். ஆனால் சாதனைக்காரர்கள் இந்தக் கட்டுரைக்கு அவ்வளவு முக்கியமில்லை. மூன்று வாரம், நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும் பெருங்கூட்டம்தான் இந்தப் பட்டறையின் கல்விக்கூடம்.

பான்ஃபில் இருக்கும் மெக்கானிக்குகள் இந்த வண்டிகளைப் புறப்படும் அழகில் பார்க்கிறார்கள். ஆன்டிலோப் வெல்ஸில் கடையே இல்லை. பாதி வழியைத் தாண்டிய சாலிடாவுக்கு வண்டிகள் வரும்போது எது நின்றது, எது போனது என்று தெரிந்துவிடுகிறது. ஓட்டுபவரின் விரல், குதிகால், கழுத்து எல்லாமும் அதே கணக்கில் வருகின்றன. வண்டியை முதல் நாளுக்காகத் தயார் செய்வது சுலபம் என்கிறார் மெக்கானிக். பத்தாம் நாள், இரவு இரண்டு மணிக்கு, மூன்று மணி நேரத் தூக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒருவர் குளிரில் விறைத்த கையால் அதைத் திறந்து மூட முடியுமா? அவருடைய தொழில் முழுக்க இந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

நான் போனபோது அவர் பின்சக்கரம் ஒன்றுக்குக் கம்பி கோத்துக்கொண்டிருந்தார். அடுத்த வருஷம் புறப்படப்போகும் உள்ளூர்க்காரருக்கு. 32 கம்பி. 28 போதாதா என்றேன். "போதும். ஒண்ணு அறுந்தா மீதி 27. இதுல 31." மேற்கொண்டு விளக்கவில்லை. கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். 29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.3 மீட்டர் போகும். 4,400 கிலோமீட்டருக்கு 19 லட்சம் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வொரு கம்பியும் தரைக்கு நேராக வரும்போது சற்றுத் தளர்ந்து, மேலே போகும்போது மறுபடி இறுகுகிறது. கம்பி பெரிய பள்ளத்தில் விழுந்து ஒரே அடியில் அறுவது அபூர்வம். 19 லட்சம் முறை தளர்ந்து இறுகியதில் களைத்து, ஹப் துளைக்குள் வளையும் கழுத்தில்தான் அறும். தளர்ச்சி அதிகமாக இருக்கும் கம்பி முதலில் போகும். அதனால் பெண்டு எடுப்பது பாதி வேலைதான். எல்லாக் கம்பியும் ஒரே இறுக்கத்தில் இருக்க வேண்டும் என்பது மீதிப் பாதி.

இறுக்கத்தை அளக்க மீட்டர் இருக்கிறது. ஆனால் அவர் முதலில் விரலால் ஒவ்வொரு கம்பியாகச் சுண்டிக் காது கொடுக்கிறார். மிருதங்க வித்வான் கச்சேரிக்கு முன் கல்லை வைத்துக்கொண்டு வாரைச் சுற்றித் தட்டிக்கொண்டே வருவாரே, அதே பொறுமை. செயின் பக்கத்துக் கம்பிகள் ஒரு சுருதி, மறுபக்கம் அதைவிடக் கீழே. சுருதி பிசகும் இடத்தில் நிப்பிளைக் கால் சுற்றுத் திருப்புகிறார். பிறகு பக்கத்துப் பக்கத்துக் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையில் பிடித்து நசுக்குகிறார். சக்கரம் முனகுகிறது. முறுக்கிக்கொண்டு நிற்கும் கம்பி அங்கேயே நேராகிவிட வேண்டும், காட்டில் போய் நேராகக் கூடாது. நிப்பிள் பித்தளை. அலுமினியம் போட்டால் இரண்டு சக்கரத்துக்குமாக ஏறக்குறைய 40 கிராம் மிச்சம். ஆனால் ஈரத்தில் அரித்துச் சாவி பிடிக்கும் முனை மழுங்கிவிடும். அந்த 40 கிராமைப் பற்றி எழுதித் தள்ளும் பத்திரிகைகளை எனக்குத் தெரியும். மழுங்கிய முனையைப் பற்றி எழுதியவர்களைப் பார்த்ததில்லை.

டயருக்குள் டியூப் இல்லை. ரிம்மின் உள்பக்கம் டேப் ஒட்டி, டயரைக் காற்றுப் புகாமல் மாட்டி, உள்ளே பால் போன்ற லேடெக்ஸ் சீலன்டை ஊற்றுகிறார்கள். முள் குத்தினால் சீலன்ட் ஓட்டைக்கு ஓடி உறைகிறது. இந்தப் பக்கத்து முள் எது என்று கேட்டதற்கு டயரிலிருந்து பிடுங்கிய ஒன்றை உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். பார்த்ததுமே தெரிந்தது. நெருஞ்சி! நம் வயல் வரப்பில் செருப்பில்லாத காலைப் பதம் பார்க்கும் அதே செடி, அதே இரண்டு கொம்பு. பழைய உலகத்திலிருந்து வந்து அமெரிக்காவின் மேற்கு முழுக்கப் பரவிவிட்டது. சைக்கிள்காரர்கள் அதை ஆட்டுத்தலை என்று திட்டுகிறார்கள்.

நெருஞ்சியைச் சீலன்ட் பார்த்துக்கொள்ளும். கூரான கல் டயரின் பக்கவாட்டைக் கிழித்தால் முடியாது. அதற்காக அவர் கட்டும் சின்னப் பையில் ரப்பர் திரி, வளைந்த ஊசி, தடித்த நூல், பழைய பற்பசைக் குழாயிலிருந்து வெட்டிய ஒரு துண்டு, ஒரு டியூப் எல்லாம் இருக்கும். கொடுத்துவிட்டு அனுப்புவதில்லை. கடைக்குப் பின்னால், இருட்டிய பிறகு, தலையில் விளக்கு மட்டும் கட்டிக்கொண்டு, தடித்த குளிர்காலக் கையுறையோடு ஓட்டையை அடைத்துக் காட்டச் சொல்கிறார். பலர் கையுறையைக் கழற்றிவிடுகிறார்கள். அப்போது ஐஸ் வாளி வருகிறது. ஐந்து நிமிஷம் கையை உள்ளே வை, பிறகு செய்.

இதே காரணத்துக்காகத்தான் வண்டியில் இருக்கும் மறைகளையும் மாற்றுகிறார். தொழிற்சாலையிலிருந்து வரும் வண்டியில் நான்கைந்து அளவு இருக்கும். முடிந்தவரை எல்லாவற்றையும் 4, 5 மில்லிமீட்டர் எல்-கீக்கு அடங்கும்படி கொண்டுவந்துவிடுகிறார். தூக்கமில்லாத மூளைக்கு மூன்றாவது சாவி ஒரு பெரிய சுமை.

டைனமோ என்றால் நம்மில் வயதானவர்களுக்கு டயரில் உரசிக்கொண்டு கத்தும் குப்பிதான் ஞாபகம் வரும். அமுக்கிவிட்டால் மிதிப்பதே கனத்துவிடும். இந்த வண்டிகளில் டைனமோ முன்சக்கரத்தின் ஹப்புக்குள்ளேயே இருக்கிறது, சத்தமே இல்லை. ஜெர்மனியின் டூபிங்கனில் செய்யப்படும் ஸோன் ஹப்புக்கு இங்கே தனி மரியாதை. அதிலிருந்து வருவது 6 வோல்ட், 3 வாட். அதைக் கொண்டு இரவில் விளக்கு, பகலில் செல்போன், வழிகாட்டும் கருவி எல்லாம் ஓட வேண்டும். மூன்று வாட்டும் ஓரளவு வேகத்தில் போனால்தான். மலையேற்றத்தில் மணிக்கு ஆறு, ஏழு கிலோமீட்டரில் ஊர்ந்தால் போன் சார்ஜ் ஏறாது, விளக்கு மினுக்கும். ஆகவே பகலில் இறக்கத்திலும் சமவெளியிலும் டைனமோ ஒரு பவர் பேங்கை நிரப்புகிறது. மற்றக் கருவிகள் அதிலிருந்து குடிக்கின்றன. இருட்டியதும் ஒரு சுவிட்சைத் தள்ளினால் மொத்தமும் விளக்குக்கு. ஏற்றத்தில் மினுக்கும் நேரத்துக்குத் தலைவிளக்கு தனி.

இவ்வளவு நுட்பத்தையும் வீழ்த்துவது ஒரு ஒயர். ஹப் கெட்டு இந்தக் கடைக்கு வந்தவர்கள் அபூர்வமாம்; ஒயர் அறுந்து வந்தவர்கள் வருஷத்துக்கு வருஷம். ஃபோர்க்கின் தலைப்பகுதியில், ஹேண்டில்பார் திரும்பும்போதெல்லாம் ஒயர் ஒரே இடத்தில் மடங்குகிறது. அங்கே கொஞ்சம் தளர்வாக ஒரு வளையம் விட்டு, சூட்டில் சுருங்கும் குழாயைப் போர்த்தி, பிரேக் குழாயோடு சேர்த்துக் கட்டுகிறார். ஹேண்டில்பாரைக் கடைசிவரை இடம், வலம் என்று திருப்பி, வளையம் எங்கும் மாட்டுகிறதா என்று பார்க்கிறார். ஒயரை வழிநடத்த மட்டும் ஒரு பிற்பகல் போயிற்று. பில்லில் அதை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டேன். "ஒயர் வேலைன்னு போடுவேன். யாரும் ஒத்துக்க மாட்டாங்க. பாதிதான் வாங்குவேன்."

கியரைப் பற்றி இங்கே பெரிய வாக்குவாதம் இல்லை. முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் பன்னிரண்டு. முன்னால் எத்தனை பல் என்பதில் ஆண்கள் பலர் கௌரவம் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியம் சேறு. மொன்டானாவிலும் நியூ மெக்ஸிகோவிலும் மழை பெய்தால் சில களிமண் சாலைகள் பிசினாகிவிடும். சக்கரம் நாலு சுற்றுச் சுற்றுவதற்குள் ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே அடைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் மிதித்தால் கியர் மாற்றி முறுக்கிக்கொண்டு கையோடு வந்துவிடும். பலருடைய ரேஸ் முடிந்த இடம் அதுதான். ஆகவே டயருக்கு இருபக்கமும் விரல் போகிற அளவு இடம் விடுகிறார், ஃபிரேம் 2.4 அங்குல டயரைத் தாங்கும் என்றால் 2.2 தான் மாட்டுவார். சேறு வந்தால் இறங்கித் தூக்கிக்கொண்டு நட என்பதுதான் மீதி ஆலோசனை.

உடம்புக்கு வருவோம். ஹேண்டில்பாரில் உள்ளங்கை நாள் முழுக்க அழுந்தும்போது சுண்டுவிரல் பக்கத்து நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். ரேஸ் முடிந்து வாரக்கணக்காகச் சட்டைப் பொத்தான் போட முடியாதவர்கள் உண்டு. தட்டையான பிடி, தடித்த டேப், நடுவில் முழங்கையை ஊன்றிக்கொள்ளும் நீட்டுக் கைப்பிடிகள் எல்லாம் அதற்குத்தான். நீட்டுக் கைப்பிடி காற்றைக் கிழிப்பதற்கென்று பார்ப்பவர்கள் நினைக்கிறார்கள். உள்ளங்கைக்கு அரை மணி நேர விடுமுறை கொடுப்பதுதான் அதன் தலையாய வேலை. கழுத்துத் தசைகள் விட்டுப்போய்த் தலை தொங்கிவிடும் இன்னொரு கோளாறும் இருக்கிறது. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் 1983 ரேஸில் அவதிப்பட்ட மைக்கேல் ஷெர்மரின் பெயரையே அதற்கு வைத்துவிட்டார்கள். அதனால் ஹேண்டில்பாரை இவர் பந்தய அழகுக்குத் தாழ்த்துவதில்லை. குதிகால் தசைநாணுக்காக, ஷூவின் அடியில் பெடலைக் கவ்வும் கட்டையை எவ்வளவு பின்னுக்குத் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுகிறார்.

அடுத்த தெருவில், கார் ஷெட்டாக இருந்த இடத்தில், பை தைக்கும் பெண்மணி ஒருவர் இருக்கிறார். இந்தத் தொழிலுக்கு வேர் அலாஸ்காவில். 1987-இல் தொடங்கிய இடிடாபைக் போன்ற பனிக்கால ரேஸ்களில் ஓட்டியவர்கள் இரும்புக் கேரியரை நம்பியே இருக்க முடியவில்லை. அதிர்ச்சியில் மறை கழன்றது, கம்பி முறிந்தது. மறையே இல்லாமல், வாரால் நேரடியாக வண்டியோடு கட்டும் பைகள் மெல்ல மெல்ல உருவாயின. நீளமான சீட் பை, ஹேண்டில்பாரில் சுருட்டு, ஃபிரேமின் முக்கோணத்தை அப்படியே அடைக்கும் நடுப்பை.

நடுப்பைக்கு ஆயத்த அளவு கிடையாது. வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து, பழுப்புக் காகிதத்தை ஒட்டி, குழாயின் உள்விளிம்பைப் பென்சிலால் வரைகிறார். தண்ணீர் பாட்டிலுக்காக இருக்கும் மறைகள், ஒயர் வெளிவரும் இடம், சீட்டை இறக்கினால் கிளாம்ப் வரும் இடம் எல்லாவற்றுக்கும் குறி. வெட்டும்போது கோட்டுக்கு உள்ளே சில மில்லிமீட்டர் தள்ளி வெட்டுகிறார். நிரம்பிய பை புடைத்து முழங்காலில் இடிக்கும், ஆகவே அகலத்தையும் முழங்கால் இடைவெளியை அளந்துதான் முடிவு செய்கிறார். துணியைவிட ஜிப்பைப் பற்றி அதிகம் பேசினார். தூசி புகுந்த ஜிப்பைத் திணித்த பைமேல் இழுத்தால் பல் சரிந்துவிடும். அதனால் தடித்த பல், தாராளமான நீளம், மூலையில் வளைக்காத நேர் தையல். இழுக்கும் நுனியில் பெரிய கயிற்று வளையம். மரத்த விரலுக்கு அது வேண்டும். வார்கள் உரசும் இடத்தில் ஃபிரேமுக்குத் தடித்த டேப் ஒட்டச் சொல்லித் திருப்பி அனுப்புகிறார். தூசி ஒட்டிய வார் 4,000 கிலோமீட்டரில் பெயின்டை மட்டும் தின்னாது.

அவருக்கும் மெக்கானிக்குக்கும் ஓயாத வழக்கு ஒன்று. பையை எவ்வளவு பெரிதாகத் தைத்தாலும் ஆட்கள் அதை நிரப்பிவிடுவார்கள் என்பது மெக்கானிக்கின் புகார். வயோமிங்கில் மழை எந்தக் கடலுக்கும் போகாத பெரிய வடிநிலம் ஒன்றைக் கடக்கும்போது ஆறு லிட்டர் தண்ணீரை உன் வாயிலா வைத்துக்கொள்வார்கள் என்பது அந்த அம்மாளின் பதில்.

சுவரில் மாட்டிய திரையில் ரேஸ்காரர்களின் புள்ளிகள் நகர்ந்துகொண்டிருந்தன. ஒவ்வொருவரும் சுமக்கும் செயற்கைக்கோள் கருவி இடத்தைச் சொல்லிவிடுகிறது. புள்ளிகளை வைத்து மெக்கானிக் செயின்களை எண்ணி வைத்திருந்தார். ஆனால் யாருக்கும் முன்கூட்டி ஒதுக்குவதில்லை, வந்த வரிசைதான்.

மதியம் ஒரு பெண் வந்தார். நாற்பது வயதிருக்கும். முகமெல்லாம் தூசி, உதடு வெடித்திருந்தது. குள்ளமானவர், சின்ன ஃபிரேம், அதே 29 அங்குலச் சக்கரம். அப்படிப்பட்ட வண்டியில் சீட்டுக்கும் பின்டயருக்கும் நடுவே இடமே இருக்காது. சீட் பை தொய்ந்து டயரில் உரசி, துணியைத் தின்று, உள்ளே மழைக்கோட்டின் கையையும் தின்றிருந்தது. அவர் அதைப் பற்றி அதிகம் கவலைப்படவில்லை. வலது குதிகால்தான் பிரச்சினை.

மெக்கானிக் செயினை அளந்தார், தேய்ந்திருந்தது. புதுச் செயின் மட்டும் போட்டால் தேய்ந்த பல்லில் நழுவும், இரண்டையும் மாற்றினால் செலவு. அந்தப் பெண் பணத்தை யோசித்துவிட்டு இரண்டையும் மாற்றச் சொன்னார். பை தைப்பவரைப் போனில் கூப்பிட்டார்கள். அவர் தடித்த துணித் துண்டோடு வந்து, தரையில் உட்கார்ந்து, கையாலேயே ஒட்டுத் தையல் போட்டார். போட்டுக்கொண்டே, சீட்டை ஒரு சென்டிமீட்டர் ஏற்றினால் மறுபடி உரசாது என்றார்.

"குதிகாலுக்கு நான் இறக்கணும்னு பாக்கறேன்" என்றார் மெக்கானிக்.

"இறக்கினா என் தையல் நாளைக்கே போயிடும்."

"அப்போ பையைக் காலி பண்ணு."

அந்தப் பெண் தலையைத் திருப்பித் திருப்பி இருவரையும் பார்த்துக்கொண்டு பெரிய பர்ரிட்டோ ஒன்றைத் தின்றுகொண்டிருந்தார். கடைசியில், ஷூவின் கட்டை பின்னுக்குப் போயிற்று. சீட் நான்கே மில்லிமீட்டர் இறங்கியது. சீட் பையில் கனமில்லாத ஜாக்கெட் மட்டும் இருக்கும்படி வைத்து, மீதியை ஹேண்டில்பார் சுருட்டுக்கு மாற்றினார்கள். சுருட்டு பெருத்ததும் விளக்கு மறைந்தது. விளக்கை ஃபோர்க்கின் தலைக்கு இறக்கினார்கள். இறக்கியதும் ஒயர் நீளம் மாறியது. மெக்கானிக் பெருமூச்சு விட்டு, வளையத்தை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தார். ஹேண்டில்பாரை இடம் திருப்பினார், வலம் திருப்பினார்.

பழைய சீட் உயரம் தெரியும்படி கம்பத்தில் கறுப்பு டேப்பைச் சுற்றிவிட்டு, எல்-கீயை நடுப்பையின் மேல் ஜிப்புக்குள் போட்டார்.

"அடுத்து வர்ற மார்ஷல் பாஸ் ஏத்தம் பழைய ரயில் தடம். மெதுவாத்தான் ஏறும். கால் என்ன சொல்லுதுன்னு அங்கேயே தெரிஞ்சிடும். பிடிக்கலைன்னா டேப் வரைக்கும் ஏத்திக்கோங்க. அஞ்சாம் நம்பர் கீ."

அந்தப் பெண் கையுறையைக் கழற்றாமலே ஜிப்பைத் திறந்து கீயை எடுத்துக் காட்டினார். அவர் தலையசைத்துவிட்டு, அடுத்தவருடைய வண்டியை ஸ்டாண்டில் மாட்டச் சொன்னார்.